வேர்க்கடலையும் அதன் கூட்டாளிகளும்

(தில்லியில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சைவ உணவுக்காரர்களுக்கு வேர்க்கடலை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதுதான் இன்றைய பேச்சு. முன்வரிசையில் பெரியவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். பின்னால் சுவரோரம் நிற்பவர்களில் பலர், பழைய ராஜேந்திர நகரிலும் முகர்ஜி நகரிலும் அறை எடுத்துத் தங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். உங்களை மனத்தில் வைத்தே இந்தப் பேச்சைத் தயாரித்தேன்.

அந்த அறைகள் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டில், மேசை, புத்தக அடுக்கு. அடுப்பு வைக்க இடம் கிடையாது. இடம் இருந்தாலும் வீட்டுக்காரர் விடமாட்டார். டப்பாவில் வரும் சாப்பாட்டில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். இந்த நிலையில், உடற்பயிற்சிக்கூடத்து நண்பர் சொன்னார் என்று மேசைமேல் ஒரு பீநட் பட்டர் பாட்டில் வந்து உட்காருகிறது. காலையில் ரொட்டித் துண்டில் தடவி இரண்டு, ராத்திரி பசித்தால் கரண்டியால் இரண்டு வாய். அன்றைய புரதக் கணக்கு முடிந்தது என்று ஒரு நிம்மதி. முட்டை சாப்பிடாத பிள்ளையைத் தலைநகருக்கு அனுப்பிவிட்டுத் திருநெல்வேலியிலும் கும்பகோணத்திலும் கவலைப்படுகிற தாய்மார்களும் இதைக் கேட்டு நிம்மதி அடைகிறார்கள்.

அந்த நிம்மதி சரிதானா? என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலை அருமையான உணவு. சினிமாக் கொட்டகையில் கொறிக்கிற பண்டம் என்று அதை ஒதுக்கிவிடாமல், தினமும் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மனதார நம்புகிறேன். ஆனால் ஒரு சைவனின் முழுச் சுமையையும் தூக்க அதனால் முடியாது. பருப்பும் தயிரும் கீரையும் எலுமிச்சையும் பக்கத்தில் இருந்தால்தான் அதன் நன்மை முழுதாக நமக்கு வந்து சேரும்.

இதை நமக்கெல்லாம் முன்னால் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் மகாத்மா காந்தி. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1918 ஏப்ரலில், முதல் உலகப்போர் முற்றியிருந்த நேரத்தில், வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு இதே தில்லியில் ஒரு போர் மாநாட்டைக் கூட்டினார். காந்தி அதில் கலந்துகொண்டார். படைக்கு ஆள் சேர்க்கும் தீர்மானத்தை இந்தியில் ஒரே வாக்கியம் பேசி ஆதரித்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே என்று குஜராத்தின் கேடா மாவட்டத்துக்குத் திரும்பி, ஊர் ஊராகப் போய் ஆள் திரட்ட ஆரம்பித்தார். அங்கேதான் சிக்கல். சில மாதங்களுக்கு முன்பு வரிகொடா இயக்கத்தில் அவர் பின்னால் திரண்ட அதே குடியானவர்கள், போருக்கு ஆள் கேட்டு வந்தபோது வண்டிகூடத் தரவில்லை. காந்தியும் தோழர்களும் சாப்பாட்டைத் தாங்களே சுமந்துகொண்டு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 மைல் நடந்தார்கள். கோடையின் கடைசி, மழையின் தொடக்கம். அவருக்கு வயது 48.

அந்த நாட்களில் அவருடைய முக்கிய உணவு என்ன தெரியுமா? நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். இதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்று உங்கள் மேசைமேல் இருக்கிற அந்தப் பொருளை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பையில் போட்டுக்கொண்டு குஜராத்தின் வண்டிப்பாதைகளில் நடந்திருக்கிறார்.

அவர் அந்த உணவுக்கு வந்து சேர்ந்த வழி நெடியது. தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்குக்குப் பக்கத்தில், நண்பர் ஹெர்மன் காலென்பாக் தந்த 1,100 ஏக்கர் நிலத்தில் 1910இல் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. அங்கே வாழ்ந்த சத்தியாக்கிரகிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்தப் பண்ணையில்தான் 1912இல் காந்தியும் காலென்பாக்கும் பாலை விட்டார்கள். புலனடக்கம் ஒரு காரணம். கல்கத்தாவில் பசுக்களை வதைத்துப் பால் கறக்கும் முறையைப் பற்றிப் படித்தது இன்னொரு காரணம். அதன்பின் வேகவைக்காத கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று ஓடியது அவர்கள் சாப்பாடு. அதற்கும் முன்பு, மனைவி கஸ்தூரிபா நோயில் கிடந்தபோது, உப்பையும் பருப்பையும் விடச் சொன்னார் காந்தி. உங்களால் முடியுமா என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக ஓராண்டு இரண்டையும் விட்டவர் அவர். 1914இல் லண்டனில் மார்புச் சவ்வு அழற்சியால் படுத்தபோது, பாலைக் குடியுங்கள் என்று, தாம் குருவாக மதித்த கோகலேயே மன்றாடியும் அவர் இசையவில்லை. 1915இல் அரித்வார் கும்பமேளாவில் இன்னொரு விரதம் எடுத்துக்கொண்டார்: நாளொன்றுக்கு 5 பொருள்களுக்கு மேல் வாயில் வைப்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை.

ஆக 1918இல், பால் இல்லாத, ஐந்தே பொருள்களுக்குள் அடங்கிய ஓர் உணவில், நாளுக்கு 20 மைல் நடக்கிற ஒரு மனிதருக்குத் தேவையான சக்தி முழுவதையும் கடலை தரவேண்டியிருந்தது. அளவு மீறினால் கெடுதல் என்று தெரிந்தும் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார். வயிற்றுக்கடுப்பு லேசாகத் தொடங்கியது. ஒரு பண்டிகை நாளில் கஸ்தூரிபா கிண்டித் தந்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியையும் ஒரு கிண்ணம் பயறையும் உண்டதும் நோய் கட்டுக்கடங்காமல் போயிற்று. நடியாதில் படுத்தவரை அகமதாபாத்துக்குக் கொண்டுபோனார்கள். மருந்தை மறுத்தார், ஊசியை மறுத்தார். சாகப்போகிறோம் என்றே நினைத்தார். கடைசியில் 1919 தொடக்கத்தில் பம்பாயில் டாக்டர் தலால், பால் குடிக்காவிட்டால் உங்கள் உடம்பைத் தேற்ற என்னால் ஆகாது என்று கையை விரித்தார். அப்போது கஸ்தூரிபாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். விரதம் எடுத்தபோது மனத்தில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை? ரௌலட் சட்டத்தை எதிர்த்து நிற்க உயிர் வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, காந்தி ஆட்டுப்பால் குடித்தார். விரதத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டது, அதன் உயிர் போய்விட்டது என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் கடலையைக் குற்றவாளியாக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கிராமப்புறத் தண்ணீரில் கடுப்பு வர வேறு காரணங்கள் ஆயிரம் உண்டு. நான் இதில் காண்பது வேறு. உலகத்திலேயே மிகக் கவனமாகத் தன் உணவைக் கண்காணித்த ஒரு மனிதர், மன உறுதியில் யாருக்கும் குறையாதவர், பாலும் இல்லாமல் பருப்பும் போதாமல் கடலையின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றினார். ஆறு ஆண்டுகள் தாக்குப்பிடித்த அந்த ஏற்பாடு, கடும் உழைப்பு வந்த ஒரு பருவத்தில் சரிந்தது. பாலுக்கு ஈடான தாவர உணவைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று வைத்தியர்களையும் விஞ்ஞானிகளையும் அவர் பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார்.

இனி கடலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது. துவரம்பருப்பைவிடச் சற்றுக் கூடவே. ஆனால் துவரம்பருப்பில் கொழுப்பு 2 கிராம்கூடத் தேறாது. கடலையில் 40 முதல் 50 கிராம் வரை. அதனால்தான் ஒரே எடைக்குக் கடலை 550 கலோரிக்கு மேல் தருகிறது, பருப்பு 330 கலோரி சுமாராகத் தருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் சொன்ன கணக்குப்படி, கிலோவுக்கு 0.83 கிராம் வீதம் நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். அதைக் கடலையிலிருந்தே எடுப்பதானால் 200 கிராம் தின்ன வேண்டும். அதோடு 1,100 கலோரியும் 80 முதல் 100 கிராம் கொழுப்பும் சேர்ந்து வரும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு இது ஆகாது.

கொழுப்பு கெட்டது என்று சொல்லவில்லை. கடலையின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு, இதயத்துக்கு உகந்தது. அண்மைக்காலத்தில் ஜூனாகட் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிர்னார் 4, கிர்னார் 5 என்ற இரு ரகங்கள் வந்திருக்கின்றன. அவற்றின் எண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஒலியிக் அமிலம், சீக்கிரம் காறிப்போகாது. பீநட் பட்டர் செய்பவர்களுக்கு இது பெரிய வரம்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதுகிற இடத்துக்கு வருகிறேன். புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் சேர்ந்த கோவை. அவற்றில் லைசின் என்று ஒன்று உண்டு. உடம்பு அதைத் தானே செய்துகொள்ளாது, உணவிலிருந்துதான் வரவேண்டும். ஒரு கிராம் புரதத்தில் 45 மில்லிகிராம் லைசின் இருந்தால் பெரியவர்களுக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கோதுமையில் இது ஏறத்தாழ 27. அரிசியில் 35க்குச் சற்று மேல். துவரம்பருப்பில் 70 அளவில். அதனால்தான் சாம்பார் சாதமும் ரொட்டி-தாலும் இவ்வளவு நல்ல ஜோடிகளாக இருக்கின்றன: தானியத்தின் குறையைப் பருப்பு நிரப்புகிறது. வேர்க்கடலையும் பருப்பு இனத்துச் செடிதான். ஆகவே அதுவும் அப்படியே நிரப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கடலையில் லைசின் ஏறத்தாழ 35தான். அரிசிக்குச் சமம், தேவைக்குக் கீழே.

கோதுமை ரொட்டியில் பீநட் பட்டர் தடவினால், லைசின் குறைந்த ஒன்றின்மேல் லைசின் குறைந்த இன்னொன்றை வைக்கிறோம். புரதத்தின் எடை கூடுகிறது, குறை அப்படியே நிற்கிறது. அதே ரொட்டியோடு ஒரு கிண்ணம் தயிரோ, சுண்டலோ, ராஜ்மாவோ சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஒரே வேளையில் சேரவேண்டும் என்பதுகூட இல்லை. அன்றைய பொழுதுக்குள் வந்தால் போதும். பருப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடலையை வைக்காதீர்கள், தம்பிகளே. பருப்பு இருக்கட்டும், கடலை பக்கத்தில் உட்காரட்டும்.

பீநட் பட்டருக்கும் சைவத்துக்கும் பழைய உறவு உண்டு. 1884இல் கனடாவின் மான்ட்ரியாலைச் சேர்ந்த மார்செலஸ் எட்சன் கடலை விழுதுக்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பேட்டில் கிரீக் என்ற ஊரில் மருத்துவமனை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக், கொட்டை விழுது செய்யும் தம் முறைக்கு விண்ணப்பித்தார். சோளச் செதில்களால் நாம் அறிந்த அதே கெல்லாக். அவர் புலால் மறுக்கும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மென்று தின்ன முடியாத நோயாளிகளுக்கு இறைச்சிக்குப் பதிலாக எதைத் தருவது என்று யோசித்தே அதில் இறங்கினார். ஆக, பீநட் பட்டரின் பிறப்பிலேயே சைவ உணவுக்காரரின் தேவை இருந்தது. கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் கண்டுபிடித்தார் என்று பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். கடலையை 105 விதமாகச் சமைக்கும் வழிகளை 1916இல் வெளியிட்ட மாமனிதர் அவர். பீநட் பட்டர் அவருக்கு முந்தையது.

அப்போது அது அரைத்த கடலை மட்டும். வைத்திருந்தால் எண்ணெய் மேலே பிரியும், அடியில் இறுகும். 1920களில் ஜோசப் ரோஸ்ஃபீல்டு என்பவர் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயைச் சிறிதளவு சேர்த்து, பிரியாமல் நிற்கும்படி செய்தார். கடை அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் பாட்டில் அங்கிருந்து வந்தது. நம் நாட்டிலும் ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்க்கு ஒரு வரலாறு உண்டு. வனஸ்பதி இங்கே பரவிய காலத்தில் அதன் முக்கிய மூலப்பொருள் கடலை எண்ணெய்தான். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா கிராமத்துச் செக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று வார்தாவிலிருந்து வாதாடியதும் இதே காலத்தில்தான். செக்கில் ஆட்டிய பிண்ணாக்கு ஊரிலேயே தங்கும், மாட்டுக்கும் மண்ணுக்கும் போகும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. 2022 சனவரியிலிருந்து உணவு எண்ணெய்களில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. பழைய ஆபத்து பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனாலும் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். கடலை, உப்பு என்று இருந்தால் வாங்குங்கள். இரண்டாவது பெயராகச் சர்க்கரை வந்தால் அது மிட்டாய்க் கணக்கில் போகவேண்டிய பொருள். மிட்டாய்தான் வேண்டுமென்றால் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கிறதே! கடலையும் வெல்லமும் கண்ணுக்குத் தெரிகின்றன, எவ்வளவு தின்கிறோம் என்பதும் தெரிகிறது.

விடுதலைக்குப் பின் அரசாங்கமே கடலையின் பக்கம் திரும்பியது. 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன் தலைமையில் உருவானது பல்நோக்கு உணவு என்ற மாவு. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கடலை மாவு மூன்று பங்கு, கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கு, மேலே வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும். அந்தக் கலவையைக் கவனியுங்கள். நான் சற்றுமுன் சொன்ன லைசின் குறையை நிரப்ப, கொண்டைக்கடலையை அங்கேயே பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். கடலைப் புரதத்தைப் பாலோடு கலந்து மில்டோன் என்ற பானத்தையும் பின்னாளில் அதே நிலையம் உருவாக்கியது. பாலுக்கு ஒரு தாவரத் துணை வேண்டும் என்று காந்தி கேட்டதற்கு, அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த ஒரு பாதிப் பதில் அது.

அந்த முயற்சிகள் ஏன் வீட்டுக்கு வீடு வரவில்லை? ஒரு காரணம் பூஞ்சை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப்போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் ஒரு பூஞ்சை நஞ்சு. அதுதான் அஃப்ளாடாக்சின். கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். அந்தச் செய்திக்குப் பிறகு, குழந்தைகளுக்குக் கடலை மாவு கொடுப்பதில் உலகமெங்கும் ஒரு தயக்கம் வந்தது.

இன்னொரு காரணம் சிந்தனையில் வந்த மாற்றம். அதில் தில்லிக்கும் தமிழருக்கும் பங்கு உண்டு. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், ஹைதராபாதில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்தியவர், பின்பு இதே தில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராக இருந்தவர், 1980இல் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை இங்கே தொடங்கியவர். நூறு வயதைக் கண்டு 2019இல் மறைந்தார். உலகமே புரதப் பற்றாக்குறை, புரதப் பற்றாக்குறை என்று முழங்கிய காலத்தில், நம் ஏழைக் குழந்தைக்கு முதலில் வயிறு நிறையச் சோறும் பருப்பும் இல்லை என்பதே குறை, அவை போதுமான அளவு கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் வந்துவிடும் என்று ஆய்வுகளோடு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முன்னோடி. இன்று புரதம் என்ற ஒரு சொல்லை அச்சடித்தாலே எந்தப் பொருளும் இரட்டை விலைக்குப் போகிற சந்தையில், கோபாலனை மறுபடி படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நஞ்சு என்றதும் பயந்துவிடாதீர்கள். பூஞ்சைக்குத் தேவை ஈரம். நன்றாகக் காய்ந்த கடலையில் அது வளராது. ஓட்டோடு வாங்கினால் நல்லது. உடைத்துப் பார்த்து, சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பொடி படிந்தது, கசப்பது எதுவானாலும் தயங்காமல் வீசிவிடுங்கள். வறுத்தால் நஞ்சு முழுதும் போகாது. ஆகவே பொறுக்குவதே பாதுகாப்பு. தில்லியில் சூலை, ஆகத்து மாதப் புழுக்கத்தில் மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள். கொஞ்சமாக வாங்கி, மூடி இறுகிய டப்பாவில், முடிந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

தில்லிக்கு வந்த தமிழர்கள் கடலை விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். நவம்பர் பிறந்தால் தெருமுனைகளில் தள்ளுவண்டிகள் வந்துவிடும். கடலைக் குவியலின் மேல் புகையும் ஒரு சின்ன மண்பானை, அடியிலுள்ளதைச் சூடாக வைத்திருக்கும். சனவரி 13 லோஹ்ரிப் பண்டிகை அன்று பஞ்சாபிக் குடும்பங்கள் நெருப்பில் கடலையும் ரேவடி என்ற எள்மிட்டாயும் போட்டுவிட்டு, மிச்சத்தை அக்கம்பக்கத்துக்கு அள்ளிக் கொடுப்பார்கள். நவராத்திரி விரதத்தில் தானியம் தொடாதவர்களும் ஜவ்வரிசிக் கிச்சடியில் கடலையை இடித்துப் போடுகிறார்கள். காரி பாவலிச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. ராஜஸ்தான் பக்கம் என்பதால் நல்ல கடலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இவ்வளவும் கொறிப்பாகவும் சடங்காகவும் போய்விடுகிறது. சாப்பாட்டுக் கணக்கில் வருவதில்லை. தில்லிக் குளிர்காலம் முடிந்ததும் கடலையும் மறந்துபோகிறது.

சாப்பாட்டுக்குள் கொண்டுவர நம் சமையலிலேயே வழி இருக்கிறது. ஆந்திரத்து வேர்க்கடலைச் சட்னி, சோலாப்பூர்ச் சேங்கா சட்னி, நம் வீட்டு வேர்க்கடலைத் துவையல், புளியோதரையில் போடுகிற கடலை, கத்தரிக்காய்க் குழம்பில் அரைத்துவிடும் கடலை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவில் கொட்டைகளும் விதைகளுமாக 35 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று போட்டிருக்கிறார்கள். நம் கையால் ஒரு பிடிக் கடலை அந்த 35க்குக் கிட்டத்தட்டச் சரி. பீநட் பட்டர் என்றால் இரண்டு மேசைக்கரண்டி: 7 அல்லது 8 கிராம் புரதம், 190 கலோரி. இந்த அளவுக்குள் நின்றால் கடலை நமக்கு நல்லதையே செய்யும். நியாசின், ஃபோலேட், மக்னீசியம், வைட்டமின் ஈ எல்லாம் தாராளமாக அதில் உண்டு.

பெண்பிள்ளைகளுக்கு இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தில்லியில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப் பேர், துல்லியமாக 49.9 விழுக்காட்டினர், இரத்தசோகையோடு இருந்தார்கள். ஒரு பிடிக் கடலையில் வரும் இரும்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம்தான். பெண்களுக்கு நாளுக்கு 29 வேண்டும். வரும் கொஞ்சத்தையும் கடலையிலுள்ள ஃபைடேட் பிடித்துவைத்துக்கொள்ளும். அதை விடுவிக்கிற எளிய பொருள் எலுமிச்சை. வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்து இந்த ஊரில் விற்கிற மசாலாக் கடலை நல்ல சேர்க்கை. காந்தி கடலையோடு எலுமிச்சையை வைத்துக்கொண்டதிலும் ஒரு பொருத்தம் இருந்திருக்கிறது. வைட்டமின் சி என்ற பெயரை அன்று யாரும் அறியார். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள், அது இரும்பை மறுபடி கட்டிவிடும். சோகை உறுதியானால் மாத்திரைதான் வழி. கடலையை நம்பி மாத்திரையை நிறுத்தக்கூடாது.

பாலையும் தயிரையும் அறவே விட்டவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். உங்கள் கருணையை மதிக்கிறேன். ஆனால் பி12 என்ற வைட்டமின் கடலையில் துளியும் இல்லை, பருப்பிலும் இல்லை, கீரையிலும் இல்லை. 1948இல்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதைப் பிரித்தெடுத்தார்கள். காந்தி தாவரத்தில் தேடிய பொருள்களில் இது ஒன்று. தாவரத்தில் அது இல்லவே இல்லை என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. இன்று தெரியும், மாத்திரையும் மலிவு. பால் குடிக்காதவர்கள் மருத்துவரைக் கேட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள். பால் குடிப்பவர்களிலும் குறைபாடு உள்ளவர்கள் நிறைய, ஒருமுறை இரத்தம் பரிசோதித்துப் பாருங்கள்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு: முழுக்கடலையைச் சின்னக் குழந்தையிடம் தராதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். நன்றாக அரைத்த விழுதைக் கஞ்சியில் கரைத்துத் தரலாம். கடலை ஒவ்வாமைக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டும் என்று முன்பெல்லாம் சொன்னார்கள். லண்டனில் நடந்து 2015இல் வெளியான லீப் ஆய்வு, ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கே ஒரு வயது ஆவதற்கு முன்பிருந்தே கொடுத்துவந்தால் அது பெரிதும் குறைகிறது என்று காட்டியது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தை, முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டபின்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கடைசியாக, அறையில் அடுப்பில்லாத பிள்ளைகளுக்கு. அருகிலுள்ள கடையில் வறுத்த கடலையாக வாங்கி, யாரேனும் தெரிந்தவர் வீட்டு மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு உருண்டையாகத் திரளும். அங்கேயே நிறுத்திவிடாமல் ஓரங்களை வழித்துவிட்டு இன்னும் சில நிமிடம் ஓட்டினால் கடலையின் எண்ணெயே அதை இளக்கிவிடும். வேறு எண்ணெய் வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு போதும். கோடையில் குளிர்ப்பெட்டியிலும், குளிர்காலத்தில் வெளியிலுமாக இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். ரொட்டியில் தடவியதும் பக்கத்தில் ஒரு கப் தயிர் வையுங்கள். மாலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு பிடி, அரை எலுமிச்சை. ஞாயிற்றுக்கிழமை கரோல் பாகிலோ ஆர்.கே. புரத்திலோ நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்குமிடத்தில் உட்கார்ந்து, சாம்பாரை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.